இடது கை மூன்று, வலது கை நான்கு

ஷோப்பான் 1834-ல் எழுதி, தன் வாழ்நாளில் வெளியிடாமல் வைத்திருந்த ஒரு பியானோத் துண்டு உண்டு. அச்சேறாத கையெழுத்துப் பிரதிகளைக் கொளுத்திவிடச் சொல்லிவிட்டு 1849-ல் அவர் செத்துப்போனார். நண்பர் ஃபொன்டானா கொளுத்தாமல் 1855-ல் அதை வெளியிட்டார். ஃபான்டஸி அம்ப்ராம்ப்து என்ற பெயரும் அவர் வைத்ததுதான். இன்று பியானோ வாசிக்கத் தெரிந்தவர்கள் எல்லோரும் கைவைத்துப் பார்க்கும் துண்டு அது. அதில் வலது கை ஒரு அட்சரத்துக்கு நான்கு ஸ்வரம் வாசிக்கிறது. இடது கை அதே அட்சரத்துக்கு மூன்று. சதுரஸ்ரமும் திஸ்ரமும் ஒரே நேரத்தில், ஒரே உடம்பில். ஐரோப்பியப் பாடபுத்தகங்களில் இது பெரிய மலையாக நிற்கிறது. பக்கம் பக்கமாக அறிவுரை. புதுக்கோட்டையில் தவில் கற்றுக்கொள்ளும் பையனிடம் இதைச் சொன்னால், இதிலென்ன இருக்கிறது என்று பார்ப்பான்.

அந்தப் பையன் பார்வையில் பாதி நியாயமும் பாதி அறியாமையும் இருப்பதாகத்தான் எனக்குப் படுகிறது. அதைப் பிரித்துப் பார்க்கவே இதை எழுதுகிறேன். எனக்கு முதலில் வந்தது கஞ்சிரா. நான்கு வருஷம். பிறகு உத்தியோகம், பிறகு ஒன்றுமில்லை. ஐம்பது வயதுக்கு மேல் பியானோ, அதுவும் எலக்ட்ரானிக் கீபோர்டில். இந்த ஊர் வெயிலுக்கு நிஜ பியானோவின் மரமும் தந்தியும் தாங்காது, தாங்கினாலும் சுருதி கூட்ட ஆள் கிடையாது. ஆகவே என் அபிப்பிராயங்கள் இரண்டு இடத்திலும் அரைகுறைப் பயிற்சி உள்ளவனுடையவை. கச்சேரிக்காரனுக்கு விரல் ஒரு விஷயத்தை முடித்துவிட்டால் அதைப் பற்றி யோசிக்க வேண்டிய அவசியம் இல்லை. என்னைப் போன்றவனுக்குத்தான் யோசனை மிஞ்சுகிறது.

முதலில் கணக்கு. நான்கையும் மூன்றையும் ஒன்றாக வைக்கப் பன்னிரண்டு வேண்டும். பன்னிரண்டு சிறு மாத்திரைகளை வரிசையாகப் போட்டால், நான்கு வாசிக்கும் கை 1, 4, 7, 10-ல் விழும். மூன்று வாசிக்கும் கை 1, 5, 9-ல் விழும். அதாவது நான்கு வாசிக்கும் கை மூன்று மூன்றாக நடக்கிறது, மூன்று வாசிக்கும் கை நான்கு நான்காக நடக்கிறது. ஆரம்பிப்பவன் தலை சுற்றுவது இந்த இடத்தில்தான். இரண்டு கையும் சேர்ந்து எழுப்பும் அடிகளின் இடைவெளி மூன்று, ஒன்று, இரண்டு, இரண்டு, ஒன்று, மூன்று. முன்னாலிருந்து படித்தாலும் பின்னாலிருந்து படித்தாலும் ஒன்றே. மூன்றுக்கு இரண்டு வைத்தாலும் இப்படியே: இரண்டு, ஒன்று, ஒன்று, இரண்டு. எந்த இரண்டு எண்ணை வைத்தாலும் அப்படித்தான் வரும், எண்களின் இயல்பு அது. சம்பந்தர் மாலைமாற்றுப் பாட சொற்களோடு மல்லுக்கட்டினார். இங்கே இரண்டு கை தம் பாட்டுக்கு நடந்தால் மாலைமாற்று தானாக விழுகிறது. 

இந்த ஆறு அடியையும் மேசைமேல் தட்டி மனப்பாடம் செய்துவிடலாம். ஒரு சாயங்காலம் போதும். பெரும்பாலான பாடபுத்தகங்கள் இங்கேதான் கொண்டுபோய் விடுகின்றன. இங்கேதான் பொறியும் இருக்கிறது. மனப்பாடமானது இரண்டு லயங்கள் அல்ல, ஒரே ஒரு நொண்டி லயம். கை சரியான இடத்தில் விழும். கேட்பவர் காதில் இரண்டு குரல் கேட்காது, கால் ஊனமான ஒருவன் படியேறும் சத்தம்தான் கேட்கும். கணக்கு முழுக்கச் சரி, சங்கீதம் பூஜ்யம். வேகம் கூட்டிப் பெடலை அழுத்தி இதை மூடிவிடும் பியானோக்காரர்கள் உண்டு. விநாடிக்குப் பத்து ஸ்வரம் போல ஓடும்போது யார் கண்டார்கள்? ஒரு நல்ல பதிவையும் இப்படிப்பட்ட பதிவையும் அடுத்தடுத்துக் கேட்டால் கண்டுகொள்ளலாம்.

நொண்டியிலிருந்து எப்படி வெளியே வருவது? வழி எனக்கு ஐரோப்பாவிலிருந்து வரவில்லை. எண்பது தாண்டிய ஒரு தவில்காரர், தெருக்காரர், ஒருநாள் என் கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, நீங்க விரலை வச்சு எண்ணிக்கிட்டிருக்கீங்க. விரலுக்கு எண்ணத் தெரியாது. வாய்க்குத்தான் தெரியும்." "பியானோவுக்கு ஏதுங்கய்யா சொல்லு?" என்றேன். "எல்லாத்துக்கும் உண்டு. தகிட தகிடதான்" என்றார். லய வாத்தியம் சொல்லித்தருகிற இடங்களிலெல்லாம் இது ஆரம்பப் பாடம். வாயில் வராதது கையில் வராது. நானே கஞ்சிராவில் அப்படித்தான் கற்றேன். ஆனால் பியானோ முன்னால் உட்கார்ந்ததும் காகிதத்தைப் பார்த்துக் கற்கும் ஜாதிக்கு மாறிவிட்டிருந்தேன்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். இடது கை ஓடும்போது வாய் அதனோடு தகிட தகிட என்கிறது. இடது கை தூக்கத்திலும் ஓடும் என்ற நிலை வந்தபின், வலது கை மேலே ஏறுகிறது. வாய் இன்னும் தகிடவில்தான். பிறகு நிறுத்தாமல் வாயை மட்டும் வலது கைக்கு மாற்ற வேண்டும்: தகதிமி தகதிமி. கை இரண்டுக்கும் வாய் மாறியது தெரியக்கூடாது. தெரிந்தால் ஒன்று தடுக்கும். தடுக்காமல் வாய் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வர முடிந்த அன்று இரண்டு லயம் வந்துவிட்டது என்று அர்த்தம். எனக்கு ஏழு மாதம் ஆயிற்று.

இதில் என்னைத் தொந்தரவு செய்த கேள்வி சங்கீதம் சம்பந்தப்பட்டதல்ல. இரண்டு லயம் ஓடும்போது நான் எந்தக் கையில் இருக்கிறேன்? இரண்டிலும் இருக்க முடியாது என்பது நிச்சயம். முயன்றுபார்த்தால் தெரியும், உடனே நொண்டி லயம் திரும்பிவிடும். நம்மிடம் அவதானம் என்று ஒரு கலை இருந்தது. செய்குத்தம்பிப் பாவலர் 1907-ல் சென்னையில் சதாவதானம் செய்துகாட்டினார். ஒரே சமயத்தில் நூறு காரியங்களில் கவனம். ஆனால் கவனம் நூறாகப் பிளந்ததா என்பது எனக்குச் சந்தேகம். ஒன்றில் நின்றுகொண்டு, மற்றவற்றைப் பழக்கத்திடம் ஒப்படைத்துவிட்டு, வேண்டும்போது போய் எடுத்துக்கொண்டு வரும் வேகம்தான் அது என்று நினைக்கிறேன். பிரக்ஞை பிளவுபடுவதைப் பற்றி நாம் நிறையக் கதை எழுதியிருக்கிறோம். எல்லாவற்றிலும் பிளவு ஒரு வியாதி. பியானோவின் முன்னால் அது வெறும் வேலை, ஏழு மாத வேலை.

இனி, அந்தப் பையனின் பார்வையில் இருக்கும் நியாயத்துக்கு வருகிறேன். இந்த ஊருக்கு லயத்தில் ஒரு பரம்பரை உண்டு. மான்பூண்டியா பிள்ளை, மாமுண்டியா பிள்ளை என்றும் சொல்வார்கள், விளக்கேற்றும் வேலையில் இருந்தவர் என்றும், மாரியப்பர் என்ற தவில்காரரிடம் லயம் கற்றார் என்றும் சங்கீத வட்டாரங்களில் வழங்கிவரும் வரலாறு. கஞ்சிராவைக் கச்சேரி மேடையில் ஏற்றியவர் அவர். உடும்புத் தோல், பலாமரச் சட்டம், ஒரு முகம், வாசிப்பது ஒரே ஒரு கை. 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு உடும்புத் தோலுக்கு இடமில்லை, ஆட்டுத்தோலும் செயற்கைத் தோலும் வந்துவிட்டன. அவர் சீடர் தட்சிணாமூர்த்தி பிள்ளை, 1875-லிருந்து 1936 வரை. இன்னொரு சீடர் பழனி முத்தையா பிள்ளை, அவர் மகன் பழனி சுப்பிரமணிய பிள்ளை. தஞ்சாவூர் வழி, புதுக்கோட்டை வழி என்று மிருதங்கத்தில் இரண்டு பேசப்படுவதில் இரண்டாவது இது. தவிலின் கணக்கு மிருதங்கத்துக்குள் வந்ததுதான் இதன் தனித்தன்மை.

பழனி இடது கைக்காரர். வலந்தலை அவருக்கு இடது கையில். மேடையில் மற்ற பக்கவாத்தியக்காரர் உட்காரும் இடமே மாற வேண்டியிருந்தது. இதைச் சாக்கிட்டு அவரை ஒதுக்கியவர்கள் உண்டு. செம்பை வைத்தியநாத பாகவதர் பிடிவாதமாகத் தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். ஜி. என். பி.யோடும் மதுரை மணியோடும் பழனி வாசித்த பதிவுகள் கிடைக்கின்றன. கணக்குக்குப் பேர்போன வழியில் வந்தவர் கணக்கை எவ்வளவு மறைத்து வாசிக்கிறார் என்று அவற்றில் கேட்கலாம். நாலைந்து ஆவர்த்தனம் சும்மா நடை. தொப்பியில் ஒரு கும்கி. நடுவில் விட்ட இடம். எங்கேயோ திஸ்ரம் நுழைந்துவிட்டிருக்கும், எப்போது நுழைந்தது என்று திரும்பிப் போட்டுக் கேட்டால்தான் பிடிபடும். இப்போது பல தனி ஆவர்த்தனங்களில் நடை மாறப்போவதை முகத்தாலும் தலையாலும் பத்து விநாடி முன்பே அறிவித்துவிடுகிறார்கள். சபையும் விரலை மடக்கித் தயாராகிறது. பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பித்தபோது இருந்த சூழ்நிலைதான். கைதட்டலும் அதே மாதிரி.

பழனி 1962-ல் காலமானார். அதே 1962-ல்தான் சி. சு. செல்லப்பா 'புதுக்குரல்கள்' தொகுப்பைக் கொண்டுவந்தார். இரண்டுக்கும் தொடர்பில்லை. எனக்கு மட்டும் ஒரு தொடர்பு இருக்கிறது. யாப்பை விட்டுவிட்டோம், இனி உணர்வுதான் என்று அப்போதிலிருந்து கோஷம் போட்டவர்கள், கணக்கை ஒளித்து வாசிப்பதற்கும் கணக்கே இல்லாமல் வாசிப்பதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கேட்கவில்லை. பிச்சமூர்த்தியின் வரிகளில் அகவலின் நடை இடது கையில் ஓடிக்கொண்டே இருப்பது என் காதுக்குக் கேட்கிறது. மேலே வலது கை தன்னிஷ்டத்துக்குப் போகிறது. பின்னால் வந்தவர்கள் பலர் வலது கையால் மட்டும் வாசித்தார்கள். இதை விரித்தால் வேறு கட்டுரையாகும், சண்டையும் வரும்.

இனி அறியாமை. சதுரஸ்ரத்தில் திஸ்ரம் வைப்பது நமக்கு எளிது என்பதால் ஷோப்பானும் எளிது என்று அந்தப் பையன் நினைக்கிறான். நம் முறையில் கை தாளம் போடுகிறது, வாயோ வாத்தியமோ அதன்மேல் ஓடுகிறது. தாளம் போடும் கைக்குப் பாட்டு இல்லை. ஷோப்பானின் இடது கையோ தாளம் போடவில்லை, அதுவும் பாடுகிறது. இது முதல் வித்தியாசம். இரண்டாவது இன்னும் முக்கியம். ஆதி தாளத்தில் ஐந்து ஐந்தாக வைத்துப் போனால் முப்பத்திரண்டு மாத்திரைக்குள் அது அடங்காது. ஆறு ஐந்து போய் இரண்டு மிஞ்சும். அப்படியே விட்டால் ஐந்து ஆவர்த்தனம் கழித்துத்தான் சமத்துக்கு வரும். அதற்காகத்தான் கார்வை கூட்டுகிறோம், எடுப்பைத் தள்ளுகிறோம், கோர்வை வைக்கிறோம். இழுத்துப் பிடித்து, எப்போது வந்து சேரும் என்று தவிக்கவைத்து, சேர்ந்த இடத்தில் விடுவது. சுகம் முழுவதும் வந்துசேர்வதில் இருக்கிறது. ஷோப்பானில் நான்கும் மூன்றும் ஒவ்வொரு அட்சரத்திலும் சந்தித்துவிடுகின்றன. காத்திருப்பதற்கு ஒன்றுமில்லை. அங்கே வேண்டியது சந்திப்பு அல்ல, இரண்டு சந்திப்புக்கு நடுவே ஒன்றையொன்று உரசும் அந்தச் சலசலப்பு. தண்ணீர் ஓடுவதுபோல ஒரு பரப்பு. கோர்வைக்குப் பழகிய காது ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரு சிறு அழுத்தம் வைத்துவிடும். என் கையும் வெகுநாள் வைத்தது. அதைக் களைவது திஸ்ரம் கற்பதைவிடச் சிரமம்.

அவர்கள் பக்கத்திலும் இதை வேலையாகவே எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஷோப்பான் 1839-ல் ஒரு பயிற்சி நூலுக்கென்று எழுதிக்கொடுத்த மூன்று எடூட்களில் ஒன்று முழுக்க மூன்றுக்கு நான்கு, இன்னொன்று மூன்றுக்கு இரண்டு. பிராம்ஸ் 1893-ல் 51 பயிற்சிகள் என்று ஒரு புத்தகமே போட்டார். வறட்டுப் பயிற்சிதான், ஆனால் பிராம்ஸின் வறட்சி. ரொமாண்டிக் என்ற சொல்லைக் கேட்டதும் உணர்ச்சிப் பெருக்கு, கண்ணீர் என்று நாம் நினைப்பவை இந்தத் தினசரி வேலைமேல் நின்றவை.

கணக்கால் தொட முடியாத இடம் ஒன்று உண்டு, அலங்காரம். ஷோப்பானின் ஒன்பதாம் ஓபஸ், முதல் நாக்டர்ன். இடது கை சமமாக, விடாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. மேலே வலது கையில் ஒரு கொத்தில் 7 ஸ்வரம், இன்னொன்றில் 11, வேறிடத்தில் 20, 22. ஆறுக்கு மேல் பதினொன்றைச் சமமாக வைக்க வேண்டுமென்றால் அறுபத்தாறாகப் பிரிக்க வேண்டும். உலகத்தில் யாரும் அறுபத்தாறு எண்ணப்போவதில்லை. எண்ணினால் பாடாது. இரண்டு இரண்டாக ஐந்து, கடைசியில் ஒன்று என்று கையைப் பழக்கிவிட்டுப் பிறகு அந்தத் தையலைப் பிரித்துவிட வேண்டும் என்கிறார்கள். நான் அதையும் செய்தேன். பிரித்த பின்பும் தையல் தடம் இருந்தது.

இந்த அலங்காரங்கள் விரலிலிருந்து வந்தவையல்ல, இத்தாலிய ஓபராப் பாடகர்களின் தொண்டையிலிருந்து வந்தவை. பாடகர்களைப் போய்க் கேளுங்கள் என்று ஷோப்பான் தன் மாணவர்களுக்குச் சொல்லியிருக்கிறார். இடது கை வாத்தியக் குழுவை நடத்துபவனைப்போல நேரம் தவறாது, வலது கை பாடகன், அவன் முன்னே பின்னே போவான் என்றும் சொல்லியிருக்கிறார். இதற்கு நம்மிடம் இணை எது என்று தேடியபோது எனக்கு முதலில் ஜி. என். பி.யின் பிருகாக்கள் ஞாபகம் வந்தன. ஆனால் பாட்டுக் கச்சேரியில் ஆலாபனையின்போது மிருதங்கம் சும்மா இருக்கிறது. தாளத்துக்குள் வந்த பிருகாவோ பெரும்பாலும் கணக்கோடு வருகிறது. ஆலாபனை ஓடும்போதே லய வாத்தியமும் ஓடும் இடம் ஒன்றே ஒன்றுதான், நாகஸ்வரம். ராகம் எந்தத் தாளத்திலும் அடங்காமல் மேலே போய்க்கொண்டிருக்கும், தவில் கீழே தன் நடையில் பேசிக்கொண்டிருக்கும். ஒன்றுக்கு ஒன்று ஒப்பந்தம் இல்லை. இருந்தும் ராகம் ஒரு ஸ்வரத்தில் வந்து நிற்கும்போது தவில் அதற்கு முன்பே அங்கே போய்க் காத்துக்கொண்டிருக்கும்.

திருக்கோகர்ணத்தில் சாமி புறப்பாட்டுக்குப் பின்னால் நடந்து நான் இதைச் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். நாக்டர்னின் அந்தப் பதினொன்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்த பிறகுதான் அதை இன்னதென்று கேட்டேன். மான்பூண்டியா பிள்ளையின் கணக்கு தவிலிலிருந்து வந்தது என்று எல்லோரும் சொல்கிறோம். தவிலிடம் கணக்கு மட்டுமல்ல, இந்த ஒப்பந்தமில்லாத துணையும் இருந்தது. சபைக்கு அது போகவில்லை. சபையில் அதற்கு இடமும் இல்லை. தவில்காரரிடம் இந்த நாக்டர்னைப் போட்டுக்காட்டினேன். முதல் தடவை பேசாமல் கேட்டார். இரண்டாம் தடவை இடது கைப்பகுதியை மட்டும் தொடையில் மெல்லத் தட்டிக்கொண்டே வந்தார். "இவரு கீழே ஆளை வச்சுட்டு மேலே போறாரு தம்பி. கீழ இருக்கிறவன் மேல பாக்கக்கூடாது, பாத்தா கெட்டுப்போயிரும்" என்றார். நான் பதினொன்று வரும் இடத்தில் இடது கையால் வலது கையை எட்டிப்பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது அவருக்குத் தெரியாது.

குடுமியான்மலைக் கல்வெட்டைப் பற்றிச் சொல்லாமல் இந்த மாவட்டத்தில் யாரும் சங்கீதக் கட்டுரை எழுத முடியாது போலிருக்கிறது. பாறையில் பல்லவ கிரந்தத்தில் 38 வரி. 1904-ல் வெளியுலகுக்குத் தெரியவந்து, பிறகு பண்டார்கர் பதிப்பித்து எபிகிராபியா இண்டிகாவில் வந்தது. மத்யமக்ராமம், ஷட்ஜக்ராமம், ஷாடவம், ஸாதாரிதம், பஞ்சமம், கைசிகமத்யமம், கைசிகம் என்று ஏழு பகுதி. ருத்ராசாரியரின் சீடனான ஒரு சைவ அரசன் செய்தது என்று முடிவில் இருக்கிறது. மகேந்திரவர்மன் என்று வெகுகாலம் சொன்னார்கள், பிறகு வந்த ஆராய்ச்சியாளர்கள் பலர் ஒப்பவில்லை. திருமயத்திலும் மலையக்கோயிலிலும் பரிவாதினி என்ற வீணையின் பெயர் கல்லில் இருப்பதால் இவையெல்லாம் தந்தி வாத்தியத்துக்கானவை என்றும் ஒரு கட்சி. மாணவர்களின் நன்மைக்காகச் செய்தது என்று கல்வெட்டே சொல்வது எனக்குப் போதும். கல்லில் வெட்டிய சாதகப் புத்தகம்.

ஸ்வரங்கள் நான்கு நான்காகக் கட்டப்பட்டிருக்கின்றன. தலைப்பிலேயே நான்கு மீட்டு என்று வருகிறது. ஒவ்வொரு ஸ்வரமும் ச, சி, சு, செ என்று உயிர் மாறி மாறி வருகிறது. சிலவற்றின் தலையில் புள்ளி. உயிர் மாறுவது எதற்கு, புள்ளி எதற்கு என்பதில் இன்றுவரை ஒருமித்த முடிவு இல்லை. கல் இருக்கிறது, எழுத்து தேயவில்லை, வாசிக்கத்தான் வாய் அற்றுப்போயிற்று. மான்பூண்டியா பிள்ளை ஒரு வரி எழுதிவைக்கவில்லை. அவர் சொல் வாய் வழியாக இன்னும் வந்துகொண்டிருக்கிறது. ஷோப்பானுக்குக் காகிதம் இருந்தது. அதில் பதினொன்று என்று எழுதினார், எப்படி என்று எழுதவில்லை. அதுவும் மாணவர் வாய் வழியாகவே வந்திருக்கிறது.

சில மாதங்களாகக் காலையில் நாக்டர்னுக்கு முன்னால் இந்தக் கல்வெட்டைப் பத்து நிமிஷம் வாசிக்கிறேன். உயிரையும் புள்ளியையும் விட்டுவிட்டு வெறும் ஸ்வரத்தை மட்டும். இது புராதன இசையை மீட்கும் காரியமல்ல, ஆராய்ச்சியாளர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். நான்கு நான்காக வலது கையில் வைத்துக்கொண்டு, இடது கையில் தகிட ஓட்டுகிறேன். கல் வெட்டியவன் நினைத்தே பார்த்திராத மூன்று. ஷட்ஜக்ராமம் வரை வந்திருக்கிறது. ஷாடவத்தில் நாலாவது வரியில் வாய் இன்னும் பக்கம் மாற மறுக்கிறது.